முதுகுக்குப் பின்னால் ஒரு கடிகாரம்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார்:

“என் முதுகுக்குப் பின்னால யாரும் இல்லக்கா. கடிகாரந்தான்.”

“என்னா தம்பி சொல்றே?”

“ஆஸ்பத்திரில பேசறப்ப கவுன்சலர் அடிக்கடி என் தோளுக்கு மேல பார்ப்பாங்க. யாரோ நிக்கிறாங்கன்னு பயந்து ரெண்டு மாசம் நான் போகவே இல்ல.”

“அப்புறம்?”

“போன வாரம் ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிட்டாங்க. சிகிச்சைக்கு வர்ற எங்களையும் ஸ்டாஃபையும் ஒண்ணா உக்கார வச்சு, இங்க என்ன மாத்தலாம்னு கேட்டாங்க. இதச் சொன்னேன். என் பின்னால செவுத்துல இருந்த கடிகாரத்துல அவங்க மணி பார்த்திருக்காங்க.”

“எல்லாரும் சிரிச்சிருப்பாங்களே.”

“யாரும் சிரிக்கல லா. கவுன்சலர் எனக்கு நன்றி சொன்னாங்க. அப்பவே அவங்க ரூமுக்குப் போயி நாற்காலில ஏறி, கடிகாரத்த ரெண்டு பேருக்கும் தெரியிற மாதிரி பக்கத்து செவுத்துல மாத்தி மாட்டினாங்க.”

அம்மாள் பக்கம் நன்றாகத் திரும்பி அவரே சொன்னார்:

“நாற்காலி ஆடாம நான்தான்க்கா புடிச்சிக்கிட்டேன்.”