கல்லும் உக்கும் என்றவருக்கு

கல்லின் குரலைக் காதால் அறிந்தவரே! கருங்கல் பாறை முகப்பின் முன் காவல் நின்றவரே! எங்கள் மேற்பார்வையாளர் ஹமீட் நானா அவர்களே!

பூவரசங்குளத்துக்கு அப்பால் உள்ள இந்தக் கல் குவாரியில், பதினான்கு ஆண்டுகளாக, உங்கள் சுத்தியல் பாறையைத் தட்டிப் பார்த்த பிறகே நாங்கள் பள்ளத்தில் இறங்கினோம். கணீரென்றால் வேலை. பொத்தென்றால், உள்ளே இற்றுப்போன கல், "உக்கல்" என்பீர்கள். அன்று அந்தப் பக்கம் எவரும் போகக்கூடாது.

மரம் உக்கும், கூரை உக்கும், கல்லும் உக்குமா என்று சிரித்தோம். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல், மேலிருந்த பாரம் நீங்கி வெளிக்கு வந்ததும் வெங்காயம்போலத் தோல் தோலாகப் பிரியும் என்றீர்கள். வெயில் அதை விரிக்கிறது. மழை வெடிப்புக்குள் இறங்குகிறது. உள்ளே மினுங்கும் காக்காப்பொன் களிமண்ணாகிறது. நம் ஒழுங்கையில் கொட்டும் கிரவலும் ஒருகாலத்தில் பாறைதான் என்றீர்கள்.

இதை உரத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. நீங்கள் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, உக்கல் என்று தெரிந்தும், லொறிகள் காத்து நின்றதால் வாய் திறக்கவில்லை. எங்களோடு கல்லுடைத்த ஆண்டியப்பன் அண்ணை, சரிந்த பாறைக்கு அடியில் போனார். பாராட்டு மடலில் இதை எழுதுவது வழக்கமல்ல. நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள்: "அதை விட்டுப்போட்டு என்னைப் புகழ்ந்தா, அது பொய்க் கதை."

போன மார்கழியில், மூன்று நாள் மழைக்குப் பிறகு, பள்ளத்துக்கு இறங்கும் பாதையை மறித்துக் கதிரையைப் போட்டு அமர்ந்தீர்கள். வேலையிலிருந்து நிறுத்துவேன் என்று முதலாளி கத்தினார். நீங்கள் எழும்பவில்லை. கல்லுடைக்கும் ஜெயரூபி அக்கா கேலி செய்தார்.

"என்ன நானா, கல்லுக்குக் காய்ச்சலோ?"

"ஓம் பிள்ளை. கிட்டப் போகாதேங்கோ, தொத்தும்."

அன்று ஒன்றும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை; உங்கள் கதிரையும் நகரவில்லை. எங்களில் சிலர் உங்களை ஏசினோம். மூன்றாம் நாள், பத்து மணித் தேத்தண்ணி நேரம், ஜெயரூபி அக்கா வழமையாக இருந்து கல்லுடைக்கும் இடத்தில் ஒரு வீட்டளவு பாறை இறங்கியது. அவர் மேலே, கையில் கோப்பையோடு நின்றார். "சொன்னனான்தானே" என்று நீங்கள் சொல்லவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றீர்கள்.

கல் உக்குவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் செல்லும். அவ்வளவு மெதுவாக முதுமை உங்களைத் தொடட்டும். நெளுக்குளத்து வீட்டில் இறைவன் அருளால் நோயின்றி வாழுங்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றுப் போவதால் கவலை என்பதைவிடப் பயம் என்பதே உண்மை. நாளை காலை உங்கள் சுத்தியல் ஜெயரூபி அக்காவின் கையில் இருக்கும். அவர் "உக்கல்" என்றால், எத்தனை லொறி நின்றாலும், எவர் கத்தினாலும், நாங்கள் இறங்கமாட்டோம். பொன்னாடைக்குப் பதிலாக இந்தச் சொல்லைத் தருகிறோம்.

இங்ஙனம்,
ஆண்டியப்பன் அண்ணை நீங்கலாக,
குவாரி ஊழியர் பதினேழு பேரும்.