படத்தை இறக்கச் சொன்னவர்

ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசின் ரூ காய் தெருத் தமிழ்க் கடைகளில் நல்ல முருங்கைக்காய் மதியத்துக்குள் முடிந்துவிடும். அதை வாங்கத்தான் போனேன். கடை வாசலில் இரத்தினம் அண்ணை நின்றிருந்தார்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. ஈழப் போர்க்காலத்தில் இயக்கம் கட்டிய சிறிய நீர்மூழ்கிக்கு அவர்தான் தளபதி. இரண்டு முறை கடற்படைக் கப்பல்களுக்கு அடியில் போய்த் திரும்பியவர். மூன்றாம் முறை, அவரை ஏற்றிவரப் படகுடன் காத்திருந்தவன் நான். நீர்மூழ்கி வெடித்தது, அவரும் அதோடு போனார் என்று நான்தான் வந்து சொன்னேன். லா சப்பல் தமிழரிடம் பதினைந்து வருடமாக அதையே சொல்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் மாவீரர் நாளன்று மண்டபத்தில் அவர் படத்துக்கு விளக்கேற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள். விமான நிலையத்தில் இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரும் எனக்கு அன்று மட்டும் முன்வரிசையில் நாற்காலி கிடைக்கும்.

உண்மையில் அவர் அன்று பிடிபட்டிருக்கிறார். சிறையில் அடித்ததில் ஒரு நுரையீரல் போயிருக்கிறது. வேறு பெயரில் பாரிசுக்கு வந்திருந்தார். மழையில் இருவரும் கால்வாய்க் கரை வரை நடந்தோம்.

"எனக்கு விளக்குக் கொளுத்துறியளாம். சோறும் படைச்சனீங்களோ?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "சாந்தன், படத்தை இறக்கச் சொல்லடா. என்ரை மனிசி நிரோஜினி இன்னும் பொட்டு வைக்கிறேல்லையாம். நீ சொன்னாத்தான் சனம் நம்பும்."

"என்னை என்ன நினைப்பினம் அண்ணை?"

"நீ படகை எடுத்துக்கொண்டு ஓடினதை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயந்திட்டாய், அவ்வளவுதான். நானும் பயந்தனான்."

அப்படி ஒரு தளபதி பேசக்கூடாது. அவர் பெயரை அவரே கெடுக்கவிருந்தார். யாராவது அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

தள்ளினேன். தடித்த ஜாக்கெட் நீரைக் குடித்துக் கனத்தது. கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டு என் பெயரை ஒருமுறை சொன்னார். குனிந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எட்டாவதோடு முடிந்தது.

பொலிஸ்காரர் நீங்கள் அவர் பிணத்தின் புகைப்படத்தைக் கடைகளில் காட்டினீர்கள். ஒரு கடைக்காரர், சுவரில் மாட்டிய இரத்தினம் அண்ணையின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டே தெரியாது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. செத்த ஒருவர் மறுபடி சாவார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கால்வாய்க் கமெராவில் இருப்பவன் நான்தான். தள்ளியதையும் விரல்களையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் இறந்த தேதியை மட்டும் மண்டபப் படத்தில் உள்ளபடியே போடுங்கள். அன்று அவர் இறந்ததை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான்.