விலங்குகளுக்குள் அந்தோணி

– கை வெக்காதீங்கம்மா! மை இன்னும் காயலை. பார்த்தா சாதாரண பிரிண்ட் மாதிரி இருக்கும், ஆனா படைப்பு அது. படைப்பை எட்ட நின்னுதான் ரசிக்கணும்.

– நான் எங்க சார் ரசிச்சேன்? வழியில நிக்குது, ஒதுங்கிப் போனேன். உங்க மிருகம் எதுவும் எனக்கு வாணாம். எங்க ஊட்டுக்காரரு போட்டோ ஒண்ணு குடுத்துட்டீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்.

– ஜெபா, யாரும்மா இவங்க?

– எங்கம்மா மாஸ்டர். சின்னப்பொண்ணு. அம்மா, இவருதான் பரசுராமன் மாஸ்டர். கொஞ்சம் மெதுவா பேசு.

– மெதுவா பேசுறதுக்கு டைமு இன்னா கீது? நாளைக்கு கல்லறைத் திருநாளு. ஊரே அவங்கவங்க ஆளு கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சு, பூ போட்டு, போட்டோ வெச்சு மெழுகுவத்தி ஏத்தும். எங்க ஆளுக்கு இது மொத வருசம் சார். அவரு கல்லறை மேல இன்னைக்கு வரைக்கும் வெறும் சிமிட்டிதான் கீது.

– வருந்துறேன்மா. ஆனா நாளைக்கு நம்ம அகாடமிக்கும் ஒரு பெருநாள். "இல்லாத உயிர்களின் கண்காட்சி". கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டுறார். கும்மிடிப்பூண்டி வரலாற்றிலேயே இப்படி ஒண்ணு நடந்ததில்லை. இயற்கை படைக்க மறந்த உயிரினங்களை என் மாணவர்கள் போட்டோஷாப்ல படைச்சிருக்காங்க.

– கீழ பரோட்டாக் கடையில கேட்டேன். மேல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குறாங்கன்னாங்க. நீங்க இன்னாடான்னா கடவுள் வேலைய பாத்துக்கினு கீறீங்க.

– அம்மா!

– நீ சும்மா இரு. ஏண்டி, அப்பாவோட மில்லு கேட் பாஸுல இருந்த போட்டோவ இங்கதான அடிச்ச? பாஸு கம்பெனி சொத்துன்னு மில்லுக்காரன் வந்து வாங்கிக்கினு போறதுக்கு முன்னாடி?

– அடிக்கலமா, ஸ்கேன் பண்ணேன். இந்த கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தேன்.

– அப்ப எடுத்துக் குடேன். வேற ஏது நமக்கு? கல்யாண போட்டோ போன மழையில கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு சார். உரிச்சுப் பாத்தா நான் மட்டும் வந்தேன். அவரு வரல.

– வந்து... அம்மா, ஃபைல் கீது. ஆனா அதுல அப்பா இல்ல.

– இன்னாடி சொல்ற?

– எனக்கு காய்ச்சல் வந்து ஊட்ல படுத்துக்கினு இருந்தேன்ல? அப்ப மாஸ்டர் அந்த போட்டோவ எடுத்து எல்லாரும் பயன்படுத்துற ஃபோல்டர்ல போட்டுட்டாரு. "மனித உறுப்புகள்"னு பேரு வெச்ச ஃபோல்டர்.

– நடிகர்கள் படத்தைத் தொட்டா வம்பு. அதுவுமில்லாம அது நல்ல குணச்சித்திர முகம். உழைப்பாளியின் முகம். என் தொழில்முறைப் பார்வையில சட்டுனு பட்டது.

– கிளாஸ்ல எல்லாரும் ஆளுக்கொரு எடத்த வெட்டி அவங்கவங்க மிருகத்துல ஒட்டிக்கினாங்கமா. வெட்டினத அதே ஃபைல்லயே சேவ் பண்ணிட்டாங்க. இப்ப தொறந்தா தலமுடி, கழுத்து, காக்கி காலரு, ரெண்டு கன்னம், தாடை... அவ்ளோதான். மிச்சம் எல்லாம் வெள்ள ஓட்டை.

– மாதாவே!

– ஆரம்ப மாணவர்கள் செய்ற தவறும்மா. காப்பி எடுத்து வேலை செய்யணும்னு முதல் பாடத்திலேயே சொல்லியிருக்கேன். ஒவ்வொரு கலைக்கும் ஒரு விலை உண்டு.

– அந்த வெலைய எங்க ஊட்டுக்காரரா சார் தரணும்? இந்தா ஜெபா, வெட்டுன துண்டெல்லாம் எங்க?

– இந்த செவுத்துலதாம்மா. எல்லாம் இங்கதான் தொங்குது.

– தள்ளு. இது இன்னா, ஆடா?

– ஆடும் மயிலும் சேந்தது. ரிஜ்வான் பண்ணான்.

– ஐயோ, இது அவரு மீசடி. பாரேன், ஒரு ஓரம் மட்டும் முடி கம்மியா கீது, பீடி பத்த வெக்கச் சொல்ல பொசுக்கிக்கினது. ஆட்டுக்கு எதுக்குடா மீச?

– கம்பீரத்துக்காகம்மா. அந்த மாணவனோட சிந்தனை அது. "அஜமயூரம்"னு நான்தான் பெயர் சூட்டினேன்.

– பேரு நல்லாத்தான் கீது. முயலுக்கு மனுசக் காத வெச்சது யாரு?

– இர்பானான்னு ஒரு பொண்ணு.

– இதுவும் அவருதுதான். நான் எவ்ளோ கத்தினாலும் உள்ள வாங்காத காது. மூக்கு எங்க? ஆங், இதோ பூனை மேல. இந்த ஆமை நெத்தி... இது அவரு நெத்திதான, ஜெபா? கோடு மூணு இருக்கும். உனக்கு பீஸ் கட்டுற மாசம் நாலாவுது ஒண்ணு வரும்.

– ஆமாம்மா.

– தவளைக்கு வாய். அடப்பாவிங்களா, தவளைக்காவது சிரிக்கிற வாயா பாத்து வெக்கக் கூடாது? அவரு சிரிச்சு நானே பாத்ததில்ல.

– அம்மா, அழுவாத. ஒவ்வொண்ணுலயும் திரும்ப வெட்டி எடுத்து அந்த ஓட்டையில வெச்சுப் பாக்குறேன். அளவ சரி பண்ணிட்டா மொகம் வந்துடும். மாஸ்டர், எல்லாரோட ஃபைலும் வேணும்.

– அது முடியாது ஜெபா. அவை மாணவர்களின் படைப்பு. அகாடமிக்குப் பதிப்புரிமை இருக்கு. கவுன்சிலர் வர்ற நேரத்துல ஆமை நெற்றியில்லாம நின்னா என்ன ஆகும்?

– சார், செவுத்துல இருக்குறத நான் கேக்கல. அவரு காது மேல உங்களுக்கு உரிமை கீதுன்னு எந்த சர்ச்சுல எழுதி வெச்சாங்க, அத மட்டும் சொல்லுங்க. நான் இந்தப் படியிலயே உக்காந்துக்கறேன். நாளைக்கு வர்ற கவுன்சிலரு தாண்டிப் போவட்டும்.

– பேஜார் பண்ணாதீங்கம்மா. சரி, எடுத்துக்கோ. ஆனா சேவ் பண்ணாம எடு. என் ஆமைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

– சரி மாஸ்டர்... நெத்தி வந்துச்சு. மூக்கு. காத கொஞ்சம் பெருசு பண்ணணும், இர்பானா ரொம்ப சுருக்கிட்டா. மீச. வாய். அம்மா, இங்க வா. பாரு.

– அட, வராரே! ஜெபா, வராருடி. கண்ணு எங்க?

– கண்ணு எந்த மிருகத்துலயும் இல்லமா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.

– யாரு எடுத்தது, சார்?

– அது... அதெல்லாம் எனக்குத் தெரியாது. நேரமாச்சு. மாலை, மைக்கு எல்லாம் வரணும்.

– வாசல்ல ஆள் ஒசரத்துக்கு தொங்குதே ஒண்ணு, யானைத் தலையும் மீன் வாலுமா? வரும்போது அது என்னயே பாத்துக்கினு இருந்துச்சு. யாருடா இதுன்னு நெனச்சுக்கினே ஏறி வந்தேன்.

– அது கஜமீனம். என் சொந்தப் படைப்பு. மாணவர்களோடதெல்லாம் பயிற்சி, அதுதான் கலை. அந்தக் கண்களை வெறுமையிலிருந்து, கற்பனையிலிருந்து உருவாக்கினேன்.

– கற்பனையா? வெறவு வெட்டப் போன எடத்துல அந்தக் கண்ணு என்ன பாத்துது, நான் அதயே கட்டிக்கினேன் சார். எனக்குத் தெரியாதா?

– மாஸ்டர், தயவு பண்ணுங்க. ஒரு ராத்திரிக்கு ஒரு பிரிண்ட் போதும்.

– ...ஒரு தூண்டுதலுக்காக எடுத்துக்கிட்டேன். தூண்டுதல் வேற, திருட்டு வேற. இந்தா, சிடி. கவுன்சிலர் கிட்ட மட்டும் இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க.

– கண்ண வெக்கிறேன் மாஸ்டர்... இங்க... கொஞ்சம் கீழ. ஆச்சு. அம்மா, கண்ணாடி போட்டுக்கினு பாரு.

– சேசுவே... அந்தோணி... இன்னாய்யா இப்டி ஆட்டுலயும் ஆமையிலயும் சுத்திக்கினு... ஜெபா, இது இன்னாடி?

– இன்னாமா?

– ரெண்டு கண்ணும் நல்லா கீது.

– ஆங், கவனிச்சுட்டீங்களா? அதுதாம்மா நுணுக்கம்! இடது கண் வெள்ளையா பூ விழுந்தமாதிரி இருந்தது. பார்க்க லட்சணமா இல்லை. அதனால நல்ல கண்ணை ஒரு காப்பி எடுத்து, திருப்பி, அந்தப் பக்கம் வெச்சுட்டேன். தையல் தெரியுதா பாருங்க. தெரியாது.

– மாஸ்டர், பழைய கண்ணு எங்க?

– குறையை எதுக்கும்மா சேத்து வெக்கணும்? அழிச்சாச்சு.

– சார், அது பூ இல்ல. கம்பி ஓடுற மில்லுல பழுக்கக் காச்சின கம்பி வெளிய வர எடத்துல நின்னு இடுக்கியால புடிக்கிற வேலை அவருது. பொறி பட்டு அந்தக் கண்ணு போச்சு. கண்ணு போன அப்பறமும் அதே எடத்துலதான் நிக்க வெச்சாங்க. தை மாசம் எடது பக்கமா கம்பி பிச்சுக்கினு வந்தது அவருக்குத் தெரியல.

– அம்மா, நான் வெள்ளையா வரைஞ்சுடறேன். எனக்கு ஞாபகம் கீது. ஒரே நிமிசம்.

– வரையாதே பொண்ணே. இல்லாததை வரைஞ்சா அது பொய்யாயிடும்! இது எவ்வளவு அழகா இருக்கு. செத்தவர் முகத்துல ஒரு குறையில்லாம கல்லறையில இருக்கட்டுமே. நாலு பேர் பார்க்கட்டும். மில்லுல இருந்துகூட வருவாங்க இல்ல?

– வருவாங்க சார். மேனேஜரு மாலையோட வரேன்னு சொல்லி அனுப்பிச்சாரு. ஜெபா, அத பிரிண்ட் எடுக்காத, கம்ப்யூட்டர நிறுத்து.

– ஏம்மா? இவ்ளோ கஷ்டப்பட்டு சேத்தோமே.

– அன்னிக்கு அப்பா சவப்பொட்டிகிட்ட நின்னு அந்த மேனேஜரு போலீசுகிட்ட இதயேதாண்டி சொன்னாரு: "ரெண்டு கண்ணும் நல்லா இருந்த ஆளு சார், கம்பி வரத பாக்காம நின்னுட்டான்."