அடைபட்ட வாசல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனுடைய அண்ணிக்கு நேர்ந்தது.

மாலை ஆறரை மணி. ஆற்றோரச் சாலையில் ஓர் ஈ காக்கைகூட இல்லை. அதன் கடைக்கோடியில் அருங்காட்சியகம்; எல்லோரும் போய்விட்டார்கள். பழுதுபார்க்கும் அறையைத் தாழிட்டுக்கொண்டு, பழைய நீர்வண்ண ஓவியம் ஒன்றின்மேல் அண்ணி குனிந்திருந்தார். இடிந்த கோட்டை, வளைவுப் பாலம், புயல் கூடும் வானம். பாதையில், கைத்தடியோடு கோட்டையை நோக்கி நடக்கும் எறும்பளவு மனிதன்.

கோட்டை வாசலில் மட்டும் வண்ணமே இல்லை. எண்ணெய் ஓவியங்களில் ஊறிய கை அண்ணியுடையது. எண்ணெய் ஓவியத்தில் வெற்றிடம் என்றால் வண்ணம் உதிர்ந்துவிட்டது என்று பொருள். சாம்பல் நிறத்தைக் குழைத்து அடைத்துவிட்டார். பிறகுதான் உறைத்தது... நீர்வண்ணத்தில் வெளிச்சத்தைப் பூசுவதில்லை. தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அது உதிர்ந்த இடமல்ல. உள்ளே எரியும் விளக்கு.

அதற்குள் பாதையில் மனிதனைக் காணோம்.

வெளிக்கூடத்தில்... டொக். டொக். கல்தரையில் கைத்தடி. கதவிடுக்கில் ஈரக் கம்பளியும் சேறும் கலந்த வாடை. ஓசை அறைக்கு வெளியே நின்றது.

"வாசல் எங்கம்மா போச்சு?"

கைபேசி அலறியது. வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த கணவர்.

"கிளம்பலாமா, மகாராணி? வண்டிய நிறுத்திட்டேன். உள்ள வரேன்."

"வராதீங்க! கூடத்துல யாரோ... சொன்னா கேளுங்க!"

"எலியா? உன் வீரமெல்லாம் என்கிட்டதான்." சிரிப்போடு செருப்போசையும் கேட்டது.

அவர் கூடத்துக்கு வருமுன் அதை ஓவியத்துக்கே திருப்பி அனுப்பியாக வேண்டும். அண்ணி ஒலிபெருக்கியைப் போட்டுக் கைபேசியை மேசையில் வைத்தார். ஈரத் தூரிகையால் சாம்பலை வருடி வருடி எடுத்தார், பஞ்சால் ஒற்றினார். தாள் வெளுத்தது... வாசல் ஒளிர்ந்தது. டொக், டொக்... விலகி, தேய்ந்து, அடங்கியது.

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"இதோ, வந்தாச்சு. எங்க பாத்தாலும் கும்மிருட்டு, உன் ரூம் மட்டும் ஜெகஜோதியா இருக்கு. கதவையும் திறந்து போட்டிருக்க."

அண்ணி திரும்பிப் பார்த்தார். போட்ட தாழ் போட்டபடியே இருந்தது.

"உள்ள போகாதீங்க..."

"வந்துட்டேனே. ஆமா... கதவ எதுக்குடி சாத்துற?"

தூரிகை குவளையில் கிடந்தது. அண்ணி எதையும் தொடவில்லை. தாளில், அந்த வெள்ளை வாசல் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வந்தது.