பழைய பேரு தெரியாத கம்ப்யூட்டர்

எனக்கு வயசு எழுபத்தி ரெண்டு. ஆறு பிள்ளைகளை வளத்து ஆளாக்கினவ. திருவேங்கடத்துல இருந்து சங்கரன்கோவில் வாற பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ரெண்டு பயலுவ. ஒருத்தன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பாக்கான், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கான். கையில் ஆபீஸ் தந்தி.

"புதுசுக்குப் பழைய பேரு தெரியலையாம்லே," என்றான்.

"எந்தப் பேரு?"

"புரோகிராமைச் சேர்த்துக் கட்டுற டூல்ல, நீளமா எழுதாம இருக்க மேக்ரோன்னு சுருக்கப் பேரு உண்டு. புது டூல்ல அந்தப் பேரை மாத்திட்டானுவ. வேலை நிக்குது. ராத்திரி ரயிலுக்குப் போகணும்."

"அப்போ நாளைக்குச் சப்பரத்தை நான் ஒத்தையில பாக்கவா? பேரை மாத்திவிடச் சொல்லேன்லே."

"அந்தப் பழைய பேரு ஆயிரம் இடத்துல கிடக்கு!"

கம்ப்யூட்டர்க்காரன் தந்தியைத் திரும்ப வாசிச்சான். பிறகு துள்ளி எழுந்தான்.

"ஏலே, பழைய பேரு வந்தா புதுப் பேருன்னு வச்சுக்கோன்னு மேல ஒரே வரி எழுதினா போதும்லா? போன்லயே சொல்லிருவேன்!"

பஸ் நின்னதும் தபாலாபீஸைப் பாத்து ஓடினான்.

ஏட்டி பேத்தி, நான் எழுதின இதை வாசி. என் பழைய காலத்து எழுத்து புதுசா படிச்ச உனக்குப் புரிபடுதா?