துட்டி வீட்டில் ஒரு கேள்வி

அவைக்குத் தலைமையேற்று அணிசெய்யும் அம்மையார் செல்வராணி அவர்களே! எனக்கு முன்னே பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்துவிட்ட அருமை நண்பர் ஜெர்சன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடிவந்த அன்னையரே! கடையைச் சாத்திவிட்டு வந்த அண்ணாச்சிமார்களே! முத்துக் குளித்த கரையில் மூச்சடக்கிக் கேட்க வந்திருக்கும் என் சொந்தங்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

புத்தரைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். எனக்கோ அவர் சொன்ன விடையைவிட, அவர் கேட்ட கேள்வியின் மீதுதான் தீராத ஆவல். கபிலவத்துவின் அரசகுமாரன்! ஆடலுக்குக் குறைவா? பாடலுக்குக் குறைவா? பின் ஏன் வெளியேறினான்?

யாரு, அங்கன பின்னால? 'அண்ணாச்சி, அரமனைல இருந்தவருக்கு என்ன கஷ்டம்'ங்கியளா? நல்லாக் கேட்டிய!

அதே கேள்விதான் ஐயா அவனையும் அரித்தது! முதுமையைக் கண்டான், நோயைக் கண்டான், பிணத்தைக் கண்டான். நாம் காணாததா? நாம் கண்டோம், கடந்தோம். அவன் கண்டான், நின்றான். 'இது ஏன்?' என்றான். குருமார்களிடம் கேட்டான். பட்டினி கிடந்து தன் உடம்பிடம் கேட்டான். கடைசியில் அரச மரத்தடியில் அமர்ந்து தன் மனத்திடமே கேட்டான். அந்தக் கேள்வியிலே பிறந்ததையா பௌத்தம்!

நம்மூர்ச் சங்கதி ஒன்று சொல்கிறேன். துறைமுகத்துக்கு லாரி ஓட்டிய செந்தூர்பாண்டி மாரடைப்பில் மறைந்தார். அவர் மனைவி சீனித்தாய் சோற்றைத் தொடவில்லை. யாரிடமும் பேசவுமில்லை. இந்தப் பெண் பிழைப்பாளா என்று தெருவே கவலைப்பட்டது. துட்டி கேட்க வந்தவர்கள், 'அழாதளா' என்றார்கள், 'எல்லாம் விதி' என்றார்கள், பிறகு நம் வழக்கப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லலாமா? இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடாதா?

கருப்பட்டிக் கடை ராஜதுரை அண்ணாச்சி, பழக்க தோஷத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, "போயிட்டு வாரேம்மா" என்று சொல்லித் தொலைத்தார்! பந்தலே பதறியது. "ஏலே ராஜதுரை, துட்டி வீட்டுல சொல்லுத சொல்லாலே இது?" என்று ஒரு பெரியவர் சீறினார். அண்ணாச்சி கூனிக் குறுகிப் போனார்.

அப்போதுதான் சீனித்தாய் வாய் திறந்தாள். "வாங்க அண்ணாச்சி. நாளைக்கு யாரும் வரமாட்டாவ."

சொன்ன சொல்லுக்காக மறுநாள் போனார் அண்ணாச்சி. ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "எப்பம்மா ரொம்ப நோவுது?"

யாரும் கேட்காத கேள்வி! அவள் யோசித்தாள். "ரோட்டுல லாரிச் சத்தம் கேக்கும்போது, அண்ணாச்சி. அவுகதான்னு வாசலுக்கு ஓடுதேன். ஒவ்வொரு தடவையும் புதுசாச் சாவுதாவ."

கவனித்தீர்களா சபையோரே? துன்பம் உண்டு என்றார் புத்தர். அதற்குக் காரணம் உண்டு, அது வேட்கை என்றார். அது தணியும் என்றார், தணிக்க வழியும் உண்டு என்றார். அப்படியானால் கணவன்மேல் வைத்த அன்பு குற்றமா? இல்லை, இல்லவே இல்லை! போனவர் போகாதிருக்க வேண்டும் என்ற தவிப்புதான் அவளை வாசலுக்கும் வீட்டுக்குமாக இழுத்தடித்தது. அதைத் தன் வாயாலே சொன்னபோதுதான் அவளே அதைப் பார்த்தாள்.

அண்ணாச்சி தினமும் போனார், கேட்டார், கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் லாரி ஒன்று இரைந்து வந்தது. சீனித்தாய் எழுந்தாள். நின்றாள். மெல்ல உட்கார்ந்தாள். "வேற யாரோ தன் வீட்டுக்குப் போறாவ. நல்லபடியாப் போய்ச் சேரட்டும்" என்றாள். அழுதாள் ஐயா, அப்படி அழுதாள்! அழுதுகொண்டே சொன்னாள்: "பசிக்கி, அண்ணாச்சி."

விதி என்று சொன்ன ஊர் முழுக்கச் சேர்ந்து ஊட்ட முடியாத சோற்றை, அன்று அவளே போட்டுத் தின்றாள்! துயரப்படுகிறவர் வீட்டுக்கு விடையைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். போய் உட்காருங்கள், எங்கே நோகிறது என்று கேளுங்கள்! இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும்.