மாக்கிறேட்டைக் கேளுங்கோ

எங்கள் தெருவுக்குக் குப்பை லொறி வியாழக்கிழமை வரும். கவுன்சிலைப் பற்றிச் சனத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லொறி வராவிட்டால் மேயரைத் திட்டுவார்கள். அந்த லொறி என்ன நிறம் என்றுகூட மேயருக்குத் தெரியாது. மேயர் படம் எடுக்க நிற்கிறவர், கவுன்சிலர்மார் கை தூக்குகிறவர்கள். மற்றதெல்லாம் ஜெனரல் மனேஜரின் தலையில். ரோட்டு, வெள்ள வாய்க்கால், நூல்நிலையம், நாய் பிடிக்கிற ஆள் வரைக்கும் அவருக்குக் கீழேதான். அந்த மனேஜரின் கந்தோரில், அவருடைய கதவுக்கு வெளியே இருக்கிற முதல் மேசை என்னுடையது.

கேக்கை எடு, வர்ஷா. மெல்பேணிலிருந்து இதற்கென்றே பறந்து வந்திருக்கிறாய். "ஆன்ட்டி, வாட் டிட் யூ டூ டு மை டாட்?" என்று வாசற்படியிலேயே கேட்டுவிட்டாய். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்திருக்கிறாய், பதிவாகிறதென்றால் ஆகட்டும். உன் அப்பா ஈஸ்வரமூர்த்திக்கு நான் என்ன செய்தேன் என்பதை முதலிலிருந்தே சொல்கிறேன். அரைகுறையாகச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உன் அப்பாவுக்கு முன்னால் மூன்று மனேஜர்மாரைப் பார்த்துவிட்டேன். மூன்றும் ஒப்பந்தத்தில் வந்து ஒப்பந்தம் முடியப் போனதுகள். முதலாவது ஆள் தன் மனிசியின் பிறந்தநாளை ஒரு வருஷமும் நினைத்ததில்லை. பூ அனுப்பியது நான், கார்டில் இரண்டு வரி அன்பாக எழுதியதும் நான். இரண்டாவது ஆள் கூட்டத்தின் நடுவில் மேயரின் பெயரையே மறந்துபோய், "நம்முடைய மதிப்புக்குரிய" என்று இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தவர். மூன்றாவது ஆளுக்குத் தன் சொந்தப் போன் நம்பர் தெரியாது. பெரிய சம்பளம், பெரிய கதிரை, தலைக்குள் ஒரு மண்ணும் இல்லை. நல்ல மனிசர்கள். அவர்களோடு எனக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

அவர்கள் மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தில் ஒருவரும் எதையும் தலையில் வைத்திருப்பதில்லை. போன கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சட்டதிட்டங்களுக்குப் பொறுப்பான டெஸ்மன்ட் எங்கள் மன்னார்ப் பக்கத்து ஆள், மூன்று பட்டம் படித்தவர். அவரிடம் என்ன கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், மாக்கிறேட்டைக் கேளுங்கோ" என்பார். மாக்கிறேட் நான்தான், உன் அப்பாவுக்கு மார்கரெட். பத்திரிகைக்காரருக்குப் பதில் சொல்கிற நிஷானி, தான் முந்தின நாள் எழுதிய அறிக்கையில் என்ன இருந்தது என்று என்னிடம் வந்து கேட்பாள். மேயர் ஊரில் இல்லாத நாட்களில் குடியுரிமை விழாவை மனேஜர் நடத்துவார். அப்போது அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று, மேடைக்கு வருகிற ஒவ்வொருவருடைய பெயரையும் காதுக்குள் சொல்வது என் வேலை. சனம் என்னைப் பாதுகாப்புக்கு நிற்கிறவள் என்று நினைக்கும்.

பிறகு உன் அப்பா வந்தார். எங்கள் ஆட்களுக்கு வந்த புழுகத்தை, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் யாரோ அர்ச்சனை செய்தார்கள். பென்டில் ஹில்லில் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர், "உங்கட பொஸ் நம்மட ஆளாமே" என்று கொத்தமல்லிக் கட்டு ஒன்றைச் சும்மா தந்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது.

முதல் திங்கட்கிழமை, வழக்கம்போல அவர் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் சுருக்கிச் சொல்லப் போனேன். "வேண்டாங்க மார்கரெட், எல்லாம் படிச்சுட்டேனுங்க" என்றார். படித்ததோடு விட்டாரா. எந்த வாய்க்கால் எந்த ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது, எந்தப் பூங்காவில் விளக்கு எரியவில்லை, எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒப்புவித்தார். கடைசியில், "பையன் அனோஜுக்குப் பரீட்சை முடிவு வந்துருச்சுங்களா?" என்றார். நான் அவரிடம் மகனைப் பற்றிச் சொன்னது ஒரேயொரு தரம், அதுவும் லிஃப்டுக்குள்.

குடியுரிமை விழா வந்தது. "எத்தனை வருசமா நின்னுக்கிட்டே பார்த்திருப்பீங்க. இன்னிக்கு முன்னால உக்காந்து பாருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் தனியாக நின்று வியட்நாம்காரர், லெபனான்காரர், எங்கள் ஆட்கள் எல்லாருடைய பெயரையும் ஒரு பிழை இல்லாமல் சொல்லிச் சொல்லிக் கை கொடுத்தார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெட்டை ஒருத்தி என்னையும் புதுக் குடிமகள் என்று நினைத்து, "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று அவர்களுக்குக் கொடுக்கிற மரக்கன்று ஒன்றைக் கையில் தந்துவிட்டுப் போனாள். அதை மடியில் வைத்துக்கொண்டு நான் இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்.

அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டார். "லைப்ரரிக்கெல்லாம் சேர்த்து ஒரு பொறுப்பாளர் போடறோம். உங்களைத்தான் நினைச்சிருக்கேன். இங்க உங்க திறமை வீணாப் போகுதுங்க." சம்பளமும் கூடவாம். சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குப் பெரிய நன்மை செய்கிறாராம். கையை வெட்டிப் போட்டு வளையல் கொடுக்கிற மாதிரி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த நாட்களில் ஒருநாள் மதியம், உன் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தன் தகப்பனைப் பற்றிச் சொன்னார். உன் தாத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி வருத்தம், மறதி நோய். "என்னையே பால்காரர்னு நினைச்சாருங்க. எனக்கு எது வேணா வரட்டும் மார்கரெட், அது மட்டும் வந்துறக் கூடாது." கண் கலங்கிவிட்டது. நான்தான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன். எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் தொடங்கினேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. சிறுவர் பூங்காக்களுக்குக் கூரைத்துணி போடவேண்டும் என்று ஒருநாள் காலையில் சொன்னார். "நேற்றும் இதைத்தானே சொன்னனீங்கள் சேர்" என்றேன். அவர் சொல்லவில்லை. சிரித்தார். இன்னொரு நாள் இன்னொரு விஷயம், அதே பதில். அந்தத் தரம் சிரிக்கவில்லை. எழுந்து டெஸ்மன்டிடம் போய், "நான் இதை நேத்தே சொன்னேனுங்களா?" என்று கேட்டார். டெஸ்மன்ட் தலையைச் சொறிந்துகொண்டு, "நினைவில்லை, மாக்கிறேட்டைக் கேளுங்கோ" என்றார். நிஷானியும் அதையே சொன்னாள். திரும்ப என் மேசைக்கு வந்து நின்றார். ஒரு கட்டடம் முழுக்க ஒரு சாட்சி தேடிவிட்டு, நான் சொன்னது உண்மையா என்று என்னிடமே கேட்க வந்திருந்தார். நான், "ஓம் சேர், சொன்னனீங்கள். பரவாயில்லை" என்றேன்.

அதன் பிறகு எல்லாம் இலகுதான். அவருடைய நாட்காட்டியில் கூட்டங்களை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பேன். மூக்குக்கண்ணாடி கந்தோர்க் குசினியில் பால் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கும். கவுன்சில் காரின் இரண்டாவது திறப்பு, உங்கள் பேச்சில் சாவி, என் மேசை லாச்சியில் இருந்தது. மதியத்தில் கார்த் தரிப்பிடத்துக்குப் போய்க் காரை ஒரு மாடி கீழே இறக்கிவிட்டு வருவேன். பின்னேரம் அவர் கார் இல்லாத இடத்தில் நிற்பார். நான் தற்செயலாக வருவதுபோல் போய், முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். யாரிடமும் சொல்லவேண்டாம் என்பார். நான் சொல்லமாட்டேன் என்பேன், சொல்லவும் இல்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஒரு பெருமழைக்குப் பிறகு, எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று கவுன்சில் கூட்டத்தில் கேட்டார்கள். அவர் சரியான கணக்கைத்தான் சொன்னார். நான் பின்னால் இருந்து குனிந்து, "அது போன வருஷத்துக் கணக்கு சேர்" என்றேன். மைக்கின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டு, நான் கொடுத்த பிழையான கணக்கைச் சொன்னார். மேயர் வாய்க்குள் சிரித்தது நேரடி ஒளிபரப்பில் தெரிந்தது. படம் எடுக்க நிற்கிறவருக்கு அன்றைக்குத்தான் மூளை இருக்கிறது என்று நினைப்பு வந்திருக்கும்.

உன் அம்மாவுக்குப் போன் எடுத்ததும் நான்தான். "கலா, பயப்பட வேண்டாம், வீட்டிலும் ஆளை ஒருக்கால் கவனிச்சுப் பாருங்கோ" என்றேன். அடுத்த நாளே அழைப்பு வந்தது. "அக்கா, பாலை அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டாருக்கா." பாலை மறக்காதவர் யார் பிள்ளை? நானே போன கிழமை சோற்றைக் கருகவிட்டேன். ஆனால் பார்க்கச் சொல்லிவிட்டால் எல்லாம் கண்ணில் படும். பிறகு வீட்டில் என் வேலையை உன் அம்மாவே செய்துகொண்டாள்.

டாக்டர்மார் தலையைப் படம் பிடித்தார்கள், கேள்வி கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது என்று நான் சொன்னேன். யாருடைய சொல்லை நம்பினார்கள் என்று உனக்கே தெரியும். கார் ஓட்டுவதை விட்டார். பிறகு வேலையை விட்டார். பிரியாவிடையில் பேச எழுந்தவருக்குப் பாதியில் பேச்சு நின்றுவிட்டது. அதில் என் கை இல்லை, அது பயம். டெஸ்மன்ட் அழுதார். டெஸ்மன்டுக்கு அழத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

இப்போது வந்திருக்கிற மனேஜர் தன் செருப்பு அளவையும் என்னிடம்தான் கேட்பார். கந்தோர் நல்லபடியாக நடக்கிறது.

சனிக்கிழமைகளில் உன் அம்மா வேலைக்குப் போவதால், உன் அப்பாவோடு இருக்க நான் உங்கள் வீட்டுக்குப் போய்வந்தேன். குசினி அலுமாரிகளில் சீனி, உப்பு, கோப்பை என்று எழுதி ஒட்டியது நான். உன் அம்மா என் கையைப் பிடித்து, "நீங்க தெய்வம்க்கா" என்றாள். காசு கேட்டேனா, ஒரு நாளாவது அலுத்துக்கொண்டேனா?

மெல்பேணில் உன்னோடு இருக்கிற இந்த ஒரு மாதமாக அவர் ஒன்றையும் மறக்கவில்லை என்கிறாய். ட்ராம் நம்பரெல்லாம் சொல்கிறாராம், தனியாகக் கடைக்குப் போய் வருகிறாராம். அங்கே கவனிக்க ஆள் இல்லை. நீ காலையில் வேலைக்குப் போய்விடுகிறாய். பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்தால்தானே மறதி தெரியும்.

நிறுத்தவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லையா என்று கேட்கிறாய். நிறுத்த ஒரு சந்தர்ப்பம் வந்தது. நீ அவரைக் கூட்டிப்போவதற்கு முந்தின சனிக்கிழமை. நான் போனபோது சவரம் செய்து, மினுக்கி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கதிரையில் இருத்தினார். "நான் சொல்லிட்டே வர்றேன் மார்கரெட். நீங்க சரியான்னு மட்டும் சொல்லுங்க" என்று எனக்கு முன்னால் நேராக நின்றார்.

அன்றைய திகதியைச் சொன்னார். உன் விமானம் எத்தனை மணிக்கு என்று சொன்னார். காலையில் கலா என்ன சமைத்தாள் என்றும், போன சனி நான் நீலச் சட்டையோடு வந்து பாணும் சம்பலும் கொண்டுவந்ததையும், அனோஜுக்குப் பிரிஸ்பேனில் வேலை கிடைத்ததை நான் சொன்னதையும் சொன்னார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஒன்றும் பிழையில்லை, ஒரு சொல் பிழையில்லை. தனியாக இருந்து எத்தனை நாள் இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ, கடவுளே. "சரிதானுங்களா?" என்றார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிசன் வாசலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே ஓடியிருப்பார். கலாவுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டுச் சிரித்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்லை சேர்" என்றேன். "போன சனி நான் வரவேயில்லை."

நிலத்திலேயே உட்கார்ந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் மார்கரெட்" என்று சொல்லி அழுதார். மூன்று மனேஜர்மார், அத்தனை வருஷம், ஒருவராவது என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுகை ஓய்ந்ததும் எழுந்துபோய்க் கேத்தலை வைத்தேன். தேத்தண்ணியா கோப்பியா என்று அவரிடம் கேட்கவில்லை. வருத்தக்கார மனிசன், பாவம். கேட்டால் குழம்பிப்போவார்.